கோபன்ஹேகனின் 11,629 கடிதங்கள்: இன்டர்99 பரிசோதனைத் திட்டம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

முகாம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு பள்ளிக்கூட வராண்டா. இரண்டு மேசைகள். ஒன்றில் பிரஷர் பார்க்கும் கருவி, இன்னொன்றில் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பவர். நாற்காலியில் ஒரு பெரியவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "நூத்தி எழுபதுக்கு நூறு இருக்குங்கய்யா, ஆஸ்பத்திரியில போய்க் காட்டிருங்க" என்று சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுப்போம். அவர் அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவார். சாயங்காலம் மொத்தம் எத்தனை பேரைப் பார்த்தோம் என்று கூட்டி மேலே அனுப்புவோம். அதோடு அன்றைய வேலை முடியும்.

அந்தச் சீட்டு அப்புறம் எங்கே போயிற்று? அவர் ஆஸ்பத்திரிக்குப் போனாரா, மாத்திரை வாங்கினாரா, ஆறு மாதம் கழித்தும் அதைப் போடுகிறாரா, கடைசியில் அந்த முகாம் அவருக்கு வரவிருந்த ஒரு மாரடைப்பைத் தள்ளிப் போட்டதா? பல வருடமாக என்னை விடாத கேள்வி இது. இதே கேள்வியை மிகப் பொறுமையாக, மிக நேர்மையாகக் கேட்டுப் பார்த்த ஒரு முயற்சி டென்மார்க்கில் நடந்தது. அதன் பெயர் இன்டர்99. இதயநோய் ஆபத்துக் காரணிகளை ஒரு மக்கள்தொகை முழுவதிலும் தேடிப் பிடிப்பது பலன் தருமா என்று யோசிக்கும் எவரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அதன் முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் முதலில் பிடிக்கவில்லை.

எங்கே, யாரிடம்

கோபன்ஹேகன் நகரத்தை ஒட்டித் தென்மேற்கில் இருக்கும் 11 நகராட்சிகள் இதன் களம். குளோஸ்ட்ரப் என்ற புறநகரில் உள்ள பல்கலைக்கழக மருத்துவமனையின் தடுப்பு மருத்துவ ஆய்வு மையம் இதை நடத்தியது. தலைமை ஆய்வாளர் டோர்பன் யோர்கென்சன். அந்தப் பகுதியில் வசித்த, 30, 35, 40 என்று ஐந்தைந்து வயது இடைவெளியில் 60 வரை ஏழு வயதுப் பிரிவுகளைச் சேர்ந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். பகுப்பாய்வில் சேர்ந்தவர்கள் மொத்தம் 59,616 பேர்.

அவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 11,629 பேர் ஒரு பக்கம். அவர்களுக்குப் பரிசோதனைக்கு வரச்சொல்லிக் கடிதம் போகும். மீதி 47,987 பேர் மறுபக்கம். அவர்களை யாரும் முகாமுக்கு அழைக்கவில்லை. வழக்கம்போல வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

டென்மார்க்கில் இப்படி ஓர் ஆய்வைச் செய்ய முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1968 முதல் அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு தனிநபர் எண் இருக்கிறது. மருத்துவமனையில் சேர்ந்தாலும், இறந்தாலும், நாட்டைவிட்டுப் போனாலும் அந்த எண்ணில் பதிவாகும். ஆகவே முகாமுக்கு வந்தவரை மட்டுமல்லாமல் வராதவரையும், அழைக்கவே படாதவரையும் பத்து வருடம் கழித்துக் கண்டுபிடித்து, இவருக்கு மாரடைப்பு வந்ததா, பக்கவாதம் வந்ததா, உயிரோடு இருக்கிறாரா என்று சொல்லிவிடலாம். நம்முடைய பெரும்பாலான முகாம் அறிக்கைகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. வந்தவரின் கணக்குதான் நம் கையில் இருக்கிறது. வராதவர் எங்கள் ஏட்டில் ஒரு வரிகூட இல்லாமல் போய்விடுகிறார்.

வந்தவர்களுக்கு என்ன செய்தார்கள்

1999 மார்ச்சில் தொடங்கி 2001 ஜனவரி வரை முதல் சுற்று நடந்தது. கடிதம் கிடைத்து வந்தவர்களுக்கு இரத்த அழுத்தம், எடை, இடுப்பளவு, இசிஜி, இரத்தத்தில் கொழுப்பு எல்லாம் பார்த்தார்கள். வெறும் வயிற்றில் ஒரு முறை, குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை என்று சர்க்கரையும் பார்த்தார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு நடக்கிறீர்கள், புகைக்கிறீர்களா, குடிக்கிறீர்களா என்று நீண்ட கேள்வித்தாளும் உண்டு.

இவை எல்லாவற்றையும் ஒரு கணினி நிரலில் இட்டார்கள். அதன் பெயர் பிரிகார்ட். அடுத்த பத்து வருடத்தில் உங்களுக்கு இதயநோய் வரும் ஆபத்து எவ்வளவு என்பதைத் திரையில் பட்டை வடிவில் அது காட்டும். "சிகரெட்டை விட்டால்?" என்று தட்டினால் பட்டை சுருங்கும். "இரத்த அழுத்தம் குறைந்தால்?" என்று தட்டினால் இன்னும் சுருங்கும். ஆலோசகரும் வந்தவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் திரையைப் பார்த்துப் பேசினார்கள். ஒருவர் தன் உடம்பை இப்படிப் பார்ப்பது சாதாரண விஷயமில்லை. நம்மூரில் ஒரு முகாமில் ஒருவருக்குக் கிடைக்கும் இரண்டு நிமிடத்தை நினைத்துப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது.

யாரை "அதிக ஆபத்து" என்று சொன்னார்கள்? கணக்கிட்ட ஆபத்து அதே வயது, அதே பாலினத்தாரில் மேல் ஐந்தில் ஒரு பங்குக்குள் வந்தால் அதிக ஆபத்து. அப்படி வராவிட்டாலும் தினமும் புகைப்பவர், மேல் அழுத்தம் 160-ஐத் தொட்டவர் அல்லது பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர், மொத்தக் கொலஸ்ட்ரால் 7.5 மில்லிமோலை (நம் கணக்கில் சுமார் 290 மில்லிகிராம்) தொட்டவர் அல்லது அதற்கு மருந்து எடுப்பவர், உடல் நிறைக் குறியீடு 30-ஐத் தாண்டியவர், சர்க்கரை நோய் அல்லது அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர், இவர்களில் யாரானாலும் அதே பட்டியல்தான். இப்படிப் பார்த்தபோது வந்தவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் அந்தப் பட்டியலில் விழுந்தார்கள். பாதிக்கு மேல்! இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாழ்க்கை முறை சரியில்லாத எல்லோருக்கும் தனி ஆலோசனை. அதிக ஆபத்தில் இருந்தவர்களுக்கு அதோடு ஆறு அமர்வுகள் கொண்ட குழு ஆலோசனையும் உண்டு. புகைப்பவர்களுக்கு விடுவது எப்படி என்று, மற்றவர்களுக்கு உணவும் உடற்பயிற்சியும் பற்றி. மருந்து தேவைப்படுகிறவர்களை அவரவர் குடும்ப மருத்துவரிடம் அனுப்பினார்கள். ஒரு முறை பார்த்துவிட்டு நிறுத்திவிடவும் இல்லை. ஐந்து வருடத்துக்குள் மொத்தம் நான்கு முறை வரை திரும்ப அழைத்துப் பேசினார்கள்.

சரி, இதைவிட ஒழுங்காக ஒரு பரிசோதனைத் திட்டத்தை வேறு எப்படித்தான் நடத்துவது? கருவி நன்றாக இருந்தது, ஆட்கள் பயிற்சி பெற்றவர்கள், நேரம் கொடுத்தார்கள், திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். குடும்ப மருத்துவரைப் பார்க்க அந்த நாட்டில் காசும் கிடையாது.

இடையில் வந்த நல்ல செய்திகள்

முதல் சில வருடங்களில் வெளிவந்த முடிவுகள் நம்பிக்கை தருபவை. குழு ஆலோசனையும் கிடைத்த பிரிவில் புகைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு வருடம் கழித்துச் சோதித்துப் பார்த்தபோது 16 சதவீதத்துக்கு மேல் விட்டிருந்தார்கள். புகையை விடுவது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்களுக்கு இது நல்ல எண் என்று புரியும். உணவிலும் முன்னேற்றம் தெரிந்தது.

இந்த இடத்தோடு நின்றிருந்தால் இன்டர்99 ஒரு வெற்றிக் கதையாக எல்லா மாநாடுகளிலும் சொல்லப்பட்டிருக்கும். பெரும்பாலான திட்டங்கள் இந்த இடத்தோடுதான் நிற்கின்றன. "இத்தனை பேரைப் பரிசோதித்தோம், இத்தனை பேருக்குப் புதிதாகக் கண்டுபிடித்தோம், இத்தனை பேர் பழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள்." யோர்கென்சனும் அவருடைய குழுவும் அங்கே நிற்கவில்லை என்பதற்காகவே அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

பத்தாண்டு கழித்து

2014-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இறுதி முடிவு வந்தது. பத்து வருடப் பின்தொடர்தலில் இரண்டு குழுக்களையும் சேர்த்து 3,163 பேர் இறந்திருந்தார்கள். தொடக்கத்தில் இதயநோய் இல்லாத 58,308 பேரில் 2,782 பேருக்கு அது வந்திருந்தது. பக்கவாதம் இல்லாதிருந்த 58,940 பேரில் 1,726 பேருக்குப் பக்கவாதம் வந்திருந்தது.

கடிதம் போன குழுவுக்கும் போகாத குழுவுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு குழுக்களுக்கும் ஆபத்து ஒன்றேயானால் ஒப்பீட்டு எண் 1 என்று வரும். பரிசோதனை காப்பாற்றியிருந்தால் 1-க்குக் கீழே இறங்கும். இதயநோய்க்கு வந்த எண் 1.03. பக்கவாதத்துக்கு 0.98. இரண்டையும் சேர்த்து 1.01. மொத்த இறப்புக்கு 1.00. எதிலும் கணக்கில் எடுக்கத்தக்க வேறுபாடு இல்லை. இதயநோய்க்கான எண்ணின் நம்பக இடைவெளி, அதாவது உண்மையான எண் பெரும்பாலும் இருக்கக்கூடிய எல்லை, 0.94-லிருந்து 1.13 வரை. அதாவது முடிந்தவரை தாராளமாகப் பார்த்தாலும் ஆறு சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஐந்து வருட உழைப்பு. பத்து வருடக் காத்திருப்பு. இறப்பில் 1.00.

இங்கே ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். கடிதம் போன எல்லோரும் வரவில்லையே, வராதவரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் பலன் எப்படித் தெரியும்? வந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்க்கலாமே? அப்படிப் பார்த்தால் நிச்சயம் அழகான எண் வரும். ஆனால் அது ஏமாற்றும் எண். முகாமுக்கு வருகிறவர் ஏற்கெனவே கொஞ்சம் படித்தவர், வேலையில் நிலைத்தவர், உடம்பில் அக்கறை உள்ளவர். பரிசோதனை இல்லாவிட்டாலும் அவர் மற்றவரைவிட நீண்ட நாள் வாழ்வார். அவருடைய ஆயுளை நம் முகாமின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஓர் ஊருக்குக் கடிதம் அனுப்புவது என்று அரசு முடிவெடுத்தால், வருகிறவர் வராதவர் இருவரும் சேர்ந்ததுதான் அந்த ஊர். அதனால்தான் குலுக்கலில் எந்தக் குழுவில் விழுந்தாரோ அதே குழுவில் வைத்துத்தான் ஒவ்வொருவரையும் எண்ணினார்கள்.

ஏன் இப்படி?

இந்த முடிவை வைத்துக்கொண்டு "பரிசோதனை வீண்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியென்று படவில்லை. எங்கே கசிந்தது என்று ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும்.

முதல் கசிவு வாசலிலேயே. கடிதம் போன 11,629 பேரில் வந்தவர்கள் 6,091, அதாவது 52.4 சதவீதம். ஐந்தாம் வருடம் இறந்தவரையும் நாட்டைவிட்டுப் போனவரையும் கழித்து மீதி 5,978 பேரை அழைத்தபோது 4,028 பேர் வந்தார்கள். ஆக, முதலில் அழைத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவர்கள்தான் ஐந்து வருடமும் கூடவே இருந்தார்கள். வராதவர்கள் யார்? வருமானமும் படிப்பும் குறைந்தவர்களிடம் வருகை குறைவாக இருந்தது. வராதவர்களிடம்தான் இறப்பும் அதிகம். நோய் எந்த வீட்டில் காத்திருந்ததோ அந்த வீட்டின் கதவு திறக்கவில்லை. 5,538 கடிதங்கள் பதிலில்லாமல் போயின. என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் மிக முக்கியமான எண் இதுதான். 1.03-ஐ எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், இந்த எண்ணை யாரும் காட்டுவதில்லை.

அடுத்தது அந்த 60 சதவீதம். வந்தவர்களில் பாதிக்கு மேல் "அதிக ஆபத்து" என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன வலு மிச்சம் இருக்கும்? நாற்பது வயதுக்காரர் ஒருவர் கொஞ்சம் பருமன், மற்றபடி நன்றாக இருக்கிறார். அவருடைய அடுத்த பத்து வருட ஆபத்து உண்மையில் சிறியது. அவரைப் போன்ற ஆயிரம் பேருடன் ஐந்து வருடம் பேசினாலும் தவிர்க்கப்படும் மாரடைப்புகள் ஒரு கைவிரலில் அடங்கும். இந்த வயதுக்காரர்களில் பத்து வருடத்தில் இதயநோய் வந்தவர்களே நூற்றுக்கு ஐந்துக்கும் கீழ். எஞ்சியவர்களிடம் எவ்வளவு நல்ல மாற்றம் வந்தாலும் அந்தப் பத்தாண்டுக் கணக்கில் அது தெரியப் போவதில்லை.

பிரிட்டன் தொற்றுநோயியலாளர் ஜெஃப்ரி ரோஸ் 1980-களில் இதை வேறு விதமாகச் சொன்னார். ஒரு சமூகத்தில் வரும் மாரடைப்புகளில் பெரும்பகுதி மிக அதிக ஆபத்தில் இருக்கும் சிலரிடமிருந்து வருவதில்லை, நடுத்தர ஆபத்தில் இருக்கும் மிகப் பலரிடமிருந்து வருகிறது. ஆகவே உச்சியில் இருப்பவரைத் தேடித் திருத்துவதால் அந்த ஒருவருக்கு லாபம் உண்டு, ஊரின் மொத்தக் கணக்கு பெரிதாக அசையாது. ஊர் முழுவதின் சராசரியைக் கொஞ்சம் கீழே இறக்கினால் கணக்கு அசையும், ஆனால் யாருக்கும் தனக்கு ஏதோ நடந்தது என்று தோன்றாது. இன்டர்99 முடிவைப் படிக்கும்போது ரோஸின் இந்தக் கணக்கு கண்ணெதிரே நடந்ததுபோல இருக்கிறது.

மூன்றாவது, மறுபக்கக் குழு சும்மா இருக்கவில்லை. ஆய்வு நடந்த அதே வருடங்களில் டென்மார்க் முழுவதுமே மாறிக்கொண்டிருந்தது. 2003-ல் உணவில் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்புக்கு, 100 கிராம் கொழுப்பில் 2 கிராமுக்கு மேல் கூடாது என்று சட்டம் போட்டது, உலகில் முதல் நாடாக. 2007 ஆகஸ்டில் பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் பரவின. கடிதம் போகாத 47,987 பேரும் அதே பேக்கரியில் வாங்கினார்கள், அதே குடும்ப மருத்துவரிடம் போனார்கள். அவர்களுக்கும் காலம் கொஞ்சம் பாதுகாப்புக் கொடுத்தது. இந்த நாடு தழுவிய மாற்றத்துக்கு மேல் ஒரு ஆலோசனை அறை கூடுதலாக எதைச் சேர்த்துவிட முடியும்?

நான்காவது, மருந்து. இன்டர்99 அடிப்படையில் பேச்சை நம்பிய திட்டம். மருந்து வேலையை மருத்துவரிடம் தள்ளிவிட்டது. 1999-ல் மேல் அழுத்தம் 160, கொலஸ்ட்ரால் 290 போன்ற உயரமான எல்லைகளுக்குக் கீழே இருந்தவருக்கு மாத்திரை கொடுக்க யாரும் அவசரப்படவில்லை. பழக்கத்தை மாற்றும்படி சொல்வது தேவைதான், ஆனால் நல்ல ஆலோசனையின் பலன் தேய்ந்துகொண்டே போகும். ஐந்தாம் வருடத்துக்கு மேல் கூப்பிட்டுப் பேச ஆளில்லை.

அதே நாட்டில், மாத்திரையோடு

டென்மார்க்காரர்கள் இதோடு விட்டுவிடவில்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. வீபோர் நகரை மையமாக வைத்து விவா என்ற ஆய்வு நடந்தது. இந்த முறை 65 முதல் 74 வயதுள்ள ஆண்கள், மொத்தம் 50,156 பேர். பார்த்தது மூன்று: வயிற்றுப் பெருந்தமனி வீங்கியிருக்கிறதா, கால் தமனிகள் அடைபட்டிருக்கின்றனவா, இரத்த அழுத்தம் அதிகமா. ஏதாவது கண்டுபிடித்தால் ஸ்டாட்டின், ஆஸ்பிரின் என்று மருந்தே நேராகத் தொடங்கினார்கள். அழைத்தவர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் வந்தார்கள். 2017-ல் வந்த முடிவில், நாலரை வருடத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில், அழைக்கப்பட்ட குழுவில் மொத்த இறப்பு 7 சதவீதம் குறைந்திருந்தது. 169 பேரை அழைத்தால் ஓர் இறப்பைத் தவிர்க்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

பிறகு டான்காவாஸ் என்று இன்னும் விரிவான ஆய்வு, அதே வயது ஆண்கள் 46,611 பேரிடம், சிடி ஸ்கேன் எடுத்து இதயத் தமனியில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்றும் பார்த்தது. 2022-ல் வந்த முடிவில் மொத்த இறப்புக்கான எண் 0.95. நம்பக இடைவெளி 0.90-லிருந்து 1.00 வரை. நூலிழையில் நின்றுவிட்டது. 65 முதல் 69 வயது வரையானவர்களிடம் பலன் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது.

இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. யாரைப் பார்க்கிறோம், பார்த்த பிறகு கையில் என்ன கொடுக்கிறோம், எத்தனை பேர் கதவைத் திறக்கிறார்கள், இந்த மூன்றும் மாறும்போது முடிவும் மாறுகிறது. அளவெடுப்பது இந்த வேலையில் முதல் பத்து நிமிடம்தான்.

இன்னொரு பக்கத்தில் ஃபின்லாந்தின் வட கரேலியா இருக்கிறது. 1972-ல் அங்கே தொடங்கிய திட்டம் உலகப் புகழ் பெற்றது. பெக்கா புஸ்கா தலைமையில் பண்ணைகளோடும் பால் நிறுவனங்களோடும் பெண்கள் சங்கங்களோடும் பேசி, வெண்ணெயும் உப்பும் புகையிலையும் குறையும்படி ஒரு மாகாணத்தின் வாழ்க்கையையே மாற்றினார்கள். நடுத்தர வயது ஆண்களின் இதயநோய் இறப்பு நாற்பது வருடத்தில் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஒப்பிட வைத்திருந்த பக்கத்து மாகாணத்திலும் இறப்பு நிறையக் குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திட்டத்தின் காற்று எல்லையைத் தாண்டி வீசியது என்று சிலரும், காலம் எல்லோரையும் மாற்றியது என்று சிலரும் இன்றும் வாதிடுகிறார்கள். எப்படியிருந்தாலும் அங்கே தட்டில் இருந்த உணவு மாறியது. ஒருவர் அழைப்புக்கு வந்தாரா இல்லையா என்பது அங்கே அவ்வளவு முக்கியமாக இருக்கவில்லை.

நம் பக்கம்

இனி நம்மூருக்கு வருகிறேன். இன்டர்99-ன் முடிவை அப்படியே எடுத்து நம் தலையில் ஒட்டிக்கொள்ள முடியாது. டென்மார்க்கில் எல்லோருக்கும் ஒரு குடும்ப மருத்துவர் உண்டு. கடிதம் போகாதவருக்கும் அவர் எப்போதாவது இரத்த அழுத்தம் பார்த்துவிடுவார். ஒப்பிடும் குழுவே ஓரளவு பரிசோதிக்கப்பட்ட குழுதான். நம் நிலைமை அதற்கு நேர் எதிர். தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த ஸ்டெப்ஸ் என்ற தொற்றா நோய்க் கணக்கெடுப்பில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். சர்க்கரை நோய் 17.6 சதவீதம் பேருக்கு, அதில் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் 10.8 சதவீதம். உயர் அழுத்தம் உள்ள நூறு பேரில் தொண்ணூறுக்கு மேல் கட்டுப்பாடு இல்லாமல் நடமாடும் இடத்தில், கண்டுபிடித்து மருந்தும் தந்தால் கிடைக்கும் லாபத்துக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை மூன்றின் கிராமங்களில் நடந்த கோப்ரா ஆய்வு இதற்கு ஒரு சான்று. 30 ஊர்ப்பகுதிகள், உயர் அழுத்தம் உள்ள 2,645 பேர். அரசின் சமூகச் சுகாதாரப் பணியாளர்களே வீடுதேடிப் போய் அழுத்தம் பார்த்து, பேசி, தேவைப்பட்டவரை மருத்துவரிடம் அனுப்பினார்கள். 2020-ல் வெளியான முடிவில், இரண்டு வருடம் கழித்து, வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிட மேல் அழுத்தம் 5 புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது. ஒரு ஆளுக்கு 5 புள்ளி சின்னதாகத் தெரியும். ஊருக்கு அது பெரிது. ரோஸ் சொன்ன கணக்கு இங்கே நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுவீடாகப் போய்ப் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து, ஏற்கெனவே நோயாளியானவர்களுக்கு மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு விருது கொடுத்துப் பாராட்டியது. குளோஸ்ட்ரப்பில் கசிந்த முதல் மூட்டு, வாசல் என்று சொன்னேனே, அதை அடைக்கப் பார்க்கும் திட்டம் இது. கடிதம் போகவில்லை, ஆளே போகிறார். நான்காவது மூட்டையும், அதாவது மருந்தையும், சேர்த்தே எடுத்துப் போகிறார். இந்த வடிவத்தை நான் மனதார நம்புகிறேன்.

நம்புவதாலேயே ஒன்றைக் கேட்கிறேன். இத்திட்டத்தைப் பற்றிய செய்திகளில் நான் அடிக்கடி பார்ப்பது பரிசோதிக்கப்பட்டவர்கள் எத்தனை லட்சம், எத்தனை கோடி என்ற எண். இன்டர்99 நமக்குக் காட்டுவது, அந்த எண் எவ்வளவு பெரிதானாலும் இறப்பு அசையாமல் இருக்கலாம் என்பதை. பார்க்க வேண்டிய எண் வேறு. 2017 நவம்பரில் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி இதில் நல்ல வழக்கம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு மையத்தில் பதிவான ஒவ்வொருவரும் அந்த மூன்று மாதத்தில் மூன்றில் ஒரு பெட்டிக்குள் போக வேண்டும்: அழுத்தம் 140-க்கும் 90-க்கும் கீழே வந்தவர், வராதவர், அந்தக் காலாண்டில் மையத்துக்கே வராமல் போனவர். மூன்றாவது பெட்டி இருப்பதால் வராதவர் ஏட்டைவிட்டு மறைய முடியாது. அவர் பெயர் அடுத்த மூன்று மாதம்வரை அங்கேயே நின்று கேள்வி கேட்கும். ஒவ்வொரு முகாம் படிவத்திலும் இந்த மூன்றாவது பெட்டி வேண்டும் என்று நான் பார்க்கிற அதிகாரிகளிடமெல்லாம் சொல்கிறேன்.

போன வருடம் ஒரு கிராமத்தில் இப்படிப்பட்ட தன்னார்வலர் ஒருவரோடு ஒரு நாள் நடந்தேன். தோளில் பை, பையில் பிரஷர் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, பெயர் எழுதிய காகிதக் கவர்களில் மாத்திரை. காலை பத்து மணிக்குள் எட்டு வீடு முடித்தார். ஒன்பதாவது வீடு பூட்டியிருந்தது. கணவன் மனைவி இருவரும் கூலி வேலைக்குப் போயிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு அழுத்தம் 180 இருந்ததாம், மாத்திரை தீர்ந்து நான்கு நாள் ஆகியிருக்கும் என்று கணக்குச் சொன்னார். "அடுத்த வாரம் வந்தா போதாதாக்கா?" என்று கேட்டேன். "இல்லீங்க, ஏழு மணிக்கு மேல அடுப்பு பத்த வைக்க வந்துருவாங்க, அப்ப வந்து குடுத்துட்டுப் போயிருவேன்" என்றார். கவரைப் பையின் வெளிப்பக்க அறையில் தனியாக வைத்துக்கொண்டு பத்தாவது வீட்டுக்கு நடந்தார்.